காளிச்சாமியின் கையில்

பாஸ்கல் வந்தபோது ராமாத்தாள் எருமையின் மடியடியில் உட்கார்ந்திருந்தாள். ஆடி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகாத்து கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னைகளையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. கட்டுத்தரையின் தகரக் கூரை படபடவென்று அடித்தது. எருமைக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. கால் மாற்றிக்கொண்டே இருந்தது.

பாஸ்கல் சிமெண்டுச் சிலை செய்பவன். மாதா கோயிலுக்குச் செபஸ்தியார், மாகாளியம்மன் கோயிலுக்குக் குதிரை, கட்சிக்காரர்களுக்கு அவரவர் தலைவர் என்று யார் கேட்டாலும் செய்து கொடுப்பான். கோபாலபுரம் போகும் ரோட்டில் அவன் பட்டறை இருந்தது.

"மொகம் வந்துருச்சுங்க்கா. போட்டோவுல நெஞ்சு வரைக்குந்தான் இருக்குது. கையில என்ன வெக்கறதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். துப்பாக்கி நீட்டுனாப்புல வேணுமா, மாரோட அணைச்சாப்புல போதுமாங்க?"

ராமாத்தாள் கறப்பதை நிறுத்தவில்லை.

"துப்பாக்கி வேண்டாங். கழுதை வெச்சுருங்."

காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து பாஸ்கல் கிட்டே வந்தான். "என்னங்க்கா?"

"கழுதைங்க. கோவேறு கழுதை. எங்கூட்டுக்காரரு அதோட கயித்தைப் புடிச்சுட்டு நிக்கோணும்."

பால் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் எழுந்து போய்விட்டாள். பாஸ்கல் அங்கிருந்து நேராகச் செங்கோட்டையனிடம் போனான்.

செங்கோட்டையன் ராமாத்தாளின் கணவன் காளிச்சாமிக்கு அண்ணன். சிலைக் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான். கார்கில் சண்டை நடந்து இருபத்தைந்து வருஷம் ஆவதால் ஜங்ஷனில் காளிச்சாமிக்குச் சிலை வைப்பது என்று ஊர் முடிவு செய்திருந்தது. நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. சிகப்புத் துணியில் பேனரும் வந்துவிட்டது. 'எதிரிகள் எழுவரைச் சுட்டு வீழ்த்திய எங்கள் ஊர் மாவீரன்' என்று அதில் எழுதியிருந்தது.

அந்த ஏழு பேரும் ஒரே நாளில் விழுந்தவர்கள் இல்லை. அந்த வருஷம் ஆடியில் சவப்பெட்டி வந்த அன்று ஊரில் மூன்று பேர் என்றுதான் பேச்சு. காரியத்துக்குள் ஐந்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்துச் சுதந்திர தின விழாவில் யாரோ ஒரு வாத்தியார் ஏழு என்றார், அதுவே நிலைத்தது. அப்போது ராமாத்தாள் ஆறு மாதக் கர்ப்பிணி, இருபத்திரண்டு வயது. பேறுகாலம் முடிந்து தலை நிமிர்ந்து பார்த்தபோது யாரிடமும் மறுத்துச் சொல்ல முடியாதபடி கதை வளர்ந்துவிட்டிருந்தது.

அவளுக்குத் தெரிந்த காளிச்சாமி பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டியவன். சாமான் சுமக்கும் பிரிவு. வண்டி போகாத மலையில் மேலே இருப்பவர்களுக்குச் சோறும் தண்ணீரும் குண்டும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டே முறைதான் லீவில் வந்தான். கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்வான்: "துப்பாக்கியும் உண்டு புள்ள. அது முதுகுல தூங்கிட்டுக் கெடக்கும். எனக்கு வேலையெல்லாம் கயித்தோடதான்." அங்கே எல்லோரும் கோவேறு கழுதையை இந்தியில் கச்சர் என்பார்களாம். இவன் மட்டும் தன் கழுதைக்குச் செவலை என்று பெயர் வைத்திருந்தான், வீட்டில் விட்டுவந்த காளையின் பெயரை.

அன்று பொழுது சாய்வதற்குள் செங்கோட்டையன் வந்துவிட்டார். ராமாத்தாளின் மகன் நவீன்குமார் அப்போதுதான் பொள்ளாச்சியில் இளநீர் லோடு இறக்கிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தான்.

"அம்மிணி, பாஸ்கல் என்னமோ சொல்றான். நெசமா?"

"நெசந்தானுங் மாமா."

"ஜங்ஷன்ல கழுதை வெச்சா ஊரு சிரிக்காதா? மந்திரி வாராரு, பட்டாள ஆபீசரு வாராரு. நான் என்னன்னு சொல்றது?"

"இருந்ததைச் சொல்லுங்."

"நீ கண்டயா? நீ என்ன அங்க போய் நின்னயா?"

"நீங்களும் போகலீங்களே மாமா."

செங்கோட்டையன் நவீனைப் பார்த்தார். நவீன் துண்டில் முகத்தைத் துடைத்தபடி நின்றான். துடைத்து முடித்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

"அம்மா, சித்த உடும்மா," என்றான். "பள்ளிக்கூடத்துல இருந்து எல்லாத்துகிட்டயும் ஏழு பேருன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவன் நானு. இனி போய் எங்கப்பன் கழுதை ஓட்டுனாருன்னு சொன்னா, என்னையக் கழுதைக்காரன் மகன்னுதான் கூப்புடுவானுங்க. லோடு ஏத்தற எடத்துல தலை காட்ட முடியாது."

"கழுதைக்காரன் மகன்தான கண்ணு நீ?"

அவன் துண்டைக் கொடியில் எறிந்துவிட்டுச் சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். செங்கோட்டையனும் எழுந்தார். செய்து வைத்திருந்த கொள்ளுப்பருப்பும் சோறும் அப்படியே ஆறின. ராமாத்தாளுக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு போய்த் தேவைக்கு மேலேயே தீவனப்புல் அறுத்தாள். அறுத்த புல்லைக் காற்று தூக்கித் தூக்கி வீசியது. பொறுக்கிப் பொறுக்கிக் கட்டினாள்.

கமிட்டியில் அவள் பக்கம் கொஞ்சமாவது காது கொடுத்தவர் இரும்புக்கடை குஞ்சு முகம்மதுதான். சிலைக்குக் கம்பியும் சிமெண்டும் அவர் கொடுத்தது.

"ராமாத்தா, எனக்கு ரெண்டாயாலும் ஒண்ணுதான்," என்றார். "சாட்சி உண்டா? அங்க கூட இருந்த ஆளு யாராச்சும்? இருந்தா வாயனசாலைக்குக் கொண்டு வா. நமக்குச் சத்தியம் மதி, வேற ஒண்ணும் வேண்டா."

சாட்சி இருந்தார். பெட்டியோடு வந்த மூன்று பேரில் ஒருவர் சுடலை, தேவிகுளத்துக்குப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் இருப்பவர். காளிச்சாமியோடு ஒரே வரிசையில் கழுதை ஓட்டியவர். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்து, "நல்லா இருக்கியா தங்கச்சி, மவன் நல்லா இருக்கானா" என்று கேட்டு வைத்துவிடுவார். ராமாத்தாள் போன் போட்டதும் வருகிறேன் என்றார்.

மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்து இறங்கியவரைப் பார்த்ததும் அவளுக்குத் தெம்பு வந்தது. ஸ்வெட்டரைக் கழற்றாமல், கையில் தேயிலைத்தூள் பொட்டலத்தோடு நின்றார். இந்தப் பக்கத்து வெயிலுக்கு வேர்த்துக் கொட்டியது. இருவருமாக நேரே ஊர்ப் படிப்பகமான வாயனசாலைக்குப் போனார்கள். பேப்பர் படிக்கும் மேசையை நகர்த்திவிட்டுக் கமிட்டி உட்கார்ந்திருந்தது. சுவரோரம் அந்தப் பேனர் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் அருகில் நவீன்குமார் நின்றான்.

குஞ்சு முகம்மதுதான் கேட்டார். "நீங்க கூட இருந்த ஆளில்லே? காளிச்சாமிக்கு அங்க என்ன ஜோலி?"

சுடலை பேனரைப் பார்த்தார். அப்புறம் நவீனைப் பார்த்தார். அப்பனின் அதே தாடை. அவன் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துப்பாக்கிதாம்யா," என்றார் சுடலை. "சண்ட போட்டுத்தான் செத்தான். நானே பாத்தேன்."

செங்கோட்டையன் தொண்டையைச் செருமிக்கொண்டார். ராமாத்தாள் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

வீட்டுக்கு வந்தவருக்கு அவள் சோறு போடாமல் இல்லை. அரிசியும்பருப்புச் சோறு வடித்து, நெய் ஊற்றி, தயிரும் ஊறுகாயும் வைத்தாள். சுடலை இரண்டு வாய் உண்டுவிட்டுப் பிசைந்துகொண்டே இருந்தார். வாசலில் நவீன் பிக்கப் வண்டியின் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். காற்று அதை விடுவதாக இல்லை.

"ஏனுங்கண்ணா அப்படிச் சொன்னீங்க?"

"உன் மவன் மூஞ்சியப் பாத்தேன் தங்கச்சி. என்னால முடியல." சுடலை தட்டைப் பார்த்தே பேசினார். "எங்க லயத்துல என் பேரு என்ன தெரியுமா? கழுதச் சுடலை. லீவுல போனப்போ ஒருத்தன்ட்ட வாய் தவறிச் சொன்னேன், அவ்வளவுதான். மவளப் பொண்ணு பாக்க வந்தப்பவும் அதேதான் பேச்சு. பட்டாளத்துக்குப் போயும் கழுததான் மேச்சானாம்னு சிரிக்காங்க. அந்தப் பேரு இந்தப் பயலுக்கு எதுக்கு? துப்பாக்கின்னா துப்பாக்கின்னு இருந்துட்டுப் போவுது. செத்தவனுக்கு என்ன தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுதுங்களே."

அவர் நிமிர்ந்தார்.

"ஏழு பேரைச் சுட்ட அந்த ஆளை எனக்குத் தெரியாதுங்கண்ணா. அந்த ஆளுக்கு நான் வாக்கப்படலீங். நான் வாக்கப்பட்டவரு கோழி அறுக்கறப்ப அக்கட்டால போய் நின்னுக்குவாரு. அவரு ஒருத்தரைச் சுட்டிருந்தாலும் சரி, நான் குத்தஞ் சொல்லல. ஆனா செய்யாததைச் செஞ்சாருன்னு சொல்லிச் சொல்லி, செஞ்சதை அழிச்சுப்போட்டாங்க. இப்ப சிலையும் வெச்சுட்டாங்கன்னா, நான் தெனமும் பால் கொண்டுட்டுப் போறப்ப எவனோ ஒருத்தனோட பொண்டாட்டியாட்டத்தான் அதைத் தாண்டிப் போவோணும்."

வாசலில் தார்ப்பாய்ச் சத்தம் நின்றிருந்தது. அவன் கேட்டானா என்று அவள் பார்க்கவில்லை. சுடலை தட்டிலேயே கை கழுவினார்.

மறுநாள் காலையில் அவரைப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிட நவீன்தான் வண்டி எடுத்தான். ராமாத்தாளும் ஏறிக்கொண்டாள். மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு போனார்கள். பாஸ்கலின் பட்டறை வந்ததும் நவீன் வண்டியை ஓரம் கட்டினான்.

"பெரியப்பன் டிரெஸ்ஸு சரியா இருக்குதான்னு ஒருக்கா இவரைப் பாக்கச் சொன்னாருங்க," என்றான்.

ஓலைக் கொட்டகைக்குள் ஆளுயரத்துக்குக் காளிச்சாமி நின்றான். முகமும் மாரும் ஆகியிருந்தன. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி. ஓரமாகச் சாக்குப் போட்டு மூடிய ஏதோ ஒன்றும் நின்றது. பாஸ்கல் வெட்கத்தோடு சாக்கை எடுத்தான்.

"அக்கா சொன்னாங்கன்னு களிமண்ணுல சும்மா ஒண்ணு புடிச்சுப் பாத்தேனுங்."

சுடலை அதைச் சுற்றி வந்தார். "இது என்னது?"

"கோவேறு கழுதைங்க."

"இதுவா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த நேரத்திலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். "இது உங்க கோயில் குதிரல்லா. காது இப்படியா இருக்கும்? நீளமா, தனித்தனியாத் திரும்பும். ஒண்ணு முன்னால பாத்தா ஒண்ணு பின்னால கேக்கும். குளம்பு இத்தன அகலம் கிடையாது, ஒடுக்கம். பாறையில ஒத்தக்கால் வைக்க எடம் இருந்தா போதும் அதுக்கு."

சொல்லிக்கொண்டே ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டுக் களிமண்ணைப் பிடுங்கிக் காதை மாற்ற ஆரம்பித்தார். பாஸ்கல் தடுக்கவில்லை, தண்ணீர்ச் சட்டியை நகர்த்திக் கொடுத்தான்.

"ஆளு எப்படி நிப்பாருங்க? முன்னால நின்னு இழுக்கறாப்புலயா?"

"இழுத்தா வராதுய்யா. தோளக் குடுக்கணும்." சுடலை களிமண் கழுதையின் கழுத்தோடு தோளை ஒட்டிச் சாய்ந்தார். கயிற்றைத் தாடைக்குக் கிட்டேயே குட்டையாகப் பிடிப்பதுபோல் கையை மடக்கினார். முழங்கால் லேசாக மடிந்தது, தலை மேட்டைப் பார்த்து நிமிர்ந்தது. "இப்படி. ஏறுறப்போ அது மூச்சு நம்ம காதுல அடிக்கும். சத்தம் போடக் கூடாது. அவன் அதுட்ட மெதுவாப் பேசிக்கிட்டே போவான், உங்க ஊருப் பேச்சுல. ‘போலாஞ்சாமி, சித்த தூரந்தான்’னு."

ராமாத்தாள் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டாள். அது அவன் குரல்.

சுடலை அந்தச் சாய்வை விடாமலேயே பேசினார்.

"மேல இருந்தவனுங்களுக்குத் தண்ணி இல்ல. பனிக்கட்டிய ஒடச்சு நக்கிக்கிட்டுக் கெடந்தானுங்க, அதுலயும் வெடிமருந்து நாத்தம். அன்னைக்குத் தண்ணி டின்னுதான் லோடு, பக்கத்துக்கு ஒண்ணு. அவன் முன்னால, நான் பின்னால. ஷெல் வந்து விழுந்துச்சு. புகை கலஞ்சு பாத்தா காளிச்சாமி கெடக்கான். செவலையக் காணோம். பள்ளத்துல போயிருச்சுன்னு நெனச்சோம். அவனத் தூக்கிட்டுக் கீழ வந்துட்டோம். பொறவு மேலருந்து ஒயர்லெஸ்ல கேக்கான், ஆளில்லாம ஒரு கச்சர் வந்து நிக்குதே, யாருதுன்னு. ஒரு டின்னு ஓட்ட. இன்னொண்ணு நெறைய இருந்துருக்கு. அதக் குடிச்சுட்டுத்தான் அவனுங்க எறங்காம உக்காந்துருந்தானுங்க."

"அதுவா போச்சா?" நவீன் கிட்டே வந்து கேட்டான்.

"அவன் தெனமும் கூட்டிட்டுப் போன தடம் அது. தெரியும். ஆனா ஒண்ணு." சுடலை மடக்கிய கையை விரித்துக் காட்டினார். "விழுறப்போ எவனும் கயித்த இறுக்கத்தான் செய்வான், பயத்துல. இறுக்கியிருந்தா அதுவும் அவனோட உருண்டுருக்கும். உங்கப்பன் விட்டுட்டான். கையில கயிறு அறுத்த காயம் இல்ல. நாந்தான் கழுவுனேன், எனக்குத் தெரியும்."

ராமாத்தாள் கேட்டாள்: "இத்தனை வருசமா ஏனுங்கண்ணா எங்கிட்டச் சொல்லல?"

"யாரு கேட்டா தங்கச்சி? பெட்டியோட வந்த அன்னைக்கும் எத்தன பேரச் சுட்டான்னுதான கேட்டாங்க. நானும் ஓட்டுனது கழுத. என்னத்தச் சொல்ல?"

பொள்ளாச்சி பஸ் ஒன்று நிற்காமல் போனது. யாரும் கை காட்டவில்லை. நவீன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பாஸ்கலிடம் போனான். "மண்ணு பத்துமா? இன்னும் வேணும்னா வண்டியில கொண்டாந்து போடறேன்," என்றான்.

இனிச் செங்கோட்டையன். தாயும் மகனும் தோப்புக்குப் போனபோது அவர் காற்றில் விழுந்த மட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நவீன் எல்லாவற்றையும் சொன்னான். கழுதை இல்லாவிட்டால் மேடையில் தான் உட்காரப்போவதில்லை என்றும் சொன்னான். அவர் மட்டையைக் கீழே போட்டார்.

"உங்களுக்கு என்ன, சொல்லிப்போடுவீங்க," என்றார். "இந்தக் காடு ரெண்டு பேருக்குப் பத்தாதுன்னு அவனைப் பட்டாளத்துல கொண்டுபோய்ச் சேத்து உட்டது நானு. பாலக்காட்டு மைதானத்துல ஓடறப்ப அவன் செருப்பை வெச்சுட்டு நின்னது நானு. என்ற அப்பன் சாகற வரைக்கும் எம்மூஞ்சிய நேராப் பாக்கல. தம்பி ஏழு பேரைக் கொன்னுபோட்டுத்தான் போனான்னு சொல்லிச் சொல்லித்தான் நான் சோறு உண்டேன். இப்ப வந்து கழுதைங்கறீங்க. கழுதை ஓட்டறதுக்கா என்ற தம்பியைச் சாகக் குடுத்தேன்?"

ராமாத்தாள் அவரை இப்படிப் பார்த்ததில்லை. அவருக்கும் உறக்கமில்லாத ஆடிகள் உண்டு என்று இதுவரை அவளுக்குத் தோன்றியதும் இல்லை.

"நீங்க அனுப்புனதுல குத்தமில்லீங் மாமா," என்றாள். "அவரு போனது பெரிய வேலைங்க. அவரு ஒருநாளும் அதைச் சின்னதுன்னு சொன்னதில்லை. நாமதான் சின்னதுன்னு நெனைச்சுட்டுத் துப்பாக்கியக் கொண்டுவந்து வெச்சு மறைக்கறோம்."

"பண்றதைப் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் பட்டறைப் பக்கமே வரவில்லை. குஞ்சு முகம்மதுதான் மேலும் கம்பி அனுப்பி வைத்தார். சுடலை ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டார். காலையில் நவீனோடு பட்டறைக்குப் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவார். கை வைக்கும் நாளன்று பாஸ்கல் ராமாத்தாளைக் கூப்பிட்டு அனுப்பினான்.

"கயித்தைப் புடிச்சாப்புல வெக்கறதா, உட்டாப்புலயாங்க்கா?"

அவள் காளிச்சாமியின் சிமெண்டு முகத்தைப் பார்த்தாள். மூக்கு அவன் மூக்கு இல்லை. பரவாயில்லை.

"புடிச்சுட்டே இருக்கட்டுங்," என்றாள். "உட்டது போதும்."

விழாவன்றும் காற்று ஓயவில்லை. பந்தலை ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பேனர் கட்டவில்லை, யார் வேண்டாம் என்றார்கள் என்று தெரியவில்லை. மந்திரி வரவில்லை, பட்டாள ஆபீசர் ஒருவர் வந்திருந்தார். செங்கோட்டையன் வருவாரா என்று ராமாத்தாள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நேரத்தில், வெள்ளை வேட்டியில், யாரையும் பார்க்காமல் வந்து மேடையில் உட்கார்ந்தார்.

துணியை விலக்கியதும் கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். நவீனின் காதுமடல் சிவந்தது. ஆனால் அவன் தலை குனியவில்லை. சுடலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பட்டாளத்தில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார்.

செங்கோட்டையன் பேச எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். அதில் என்ன எழுதியிருக்கும் என்று ஊருக்கே தெரியும், வருஷா வருஷம் கேட்டதுதான். மைக்கில் காற்றின் இரைச்சல் மட்டும் வந்தது. அவர் தாளைப் பார்த்தார்; சிலையைத் திரும்பிப் பார்த்தார். தம்பி அந்தக் கழுதையின் கழுத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நின்றான். அவர் தாளை மடித்தார்.

"என்ற தம்பி," என்றார். மடித்த தாளைப் பையில் வைத்தார். "என்ற தம்பி தண்ணி கொண்டுட்டுப் போனானுங்க. அங்க மேல இருந்தவிய அதைக் குடிச்சாங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். கை தட்டுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. பின்பக்கச் சிரிப்பு எப்போது நின்றது என்றும் தெரியவில்லை. ஆபீசர் எழுந்து நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சிலைக்கு சல்யூட் அடித்தார். ராமாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் பால் கேனோடு சொசைட்டிக்குப் போகையில் ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், இடுப்புக் குழந்தைக்குச் சிலையைக் காட்டிக்கொண்டிருந்தாள். வெளியூர்க்காரி போலிருந்தது.

"அங்க பாரு சாமி, குதிரை."

ராமாத்தாள் நின்றாள்.

"குதிரை இல்லீங் அம்மிணி. கோவேறு கழுதை. பேரு செவலை. பக்கத்துல நிக்கறவரு எங்கூட்டுக்காரரு."

சொல்லிவிட்டுக் கேனைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள்.